முதலில் லென்ஸ், பிறகு பாடி: பெங்களூருவில் கேமரா வாங்குவோருக்கு

கடையில் போய் நின்றதும் "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன் வீட்டிலேயே விடை கண்டுவைக்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எடுக்கப்போவது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அங்கே வெளிச்சம் எப்படி? இந்த இரண்டும் தெரிந்தால் லென்ஸ் முடிவாகிவிடும். லென்ஸ் முடிவானால் அதை மாட்டும் வளையமான மவுன்ட் முடிவாகும். அதற்குப் பிறகு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தேர்வு செய்வது அரை மணி நேர வேலை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெட்டியில் வந்த கிட் லென்ஸோடு ஒரு பாடியை வாங்கி, ஆறு மாதம் கழித்து "படம் ஃபோன் மாதிரியே இருக்கே" என்று அதற்கு மேலான பாடியைத் தேடுகிறார்கள்.

தூரத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி இருக்கிறது. படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் அகலத்தை லென்ஸில் எழுதியிருக்கும் மிமீ எண்ணால் (குவியத் தூரம்) வகுத்து, தூரத்தால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மிமீ அகலம். நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்மின் ஏபிஎஸ்-சி சென்சார்கள் ஏறக்குறைய 23.5 மிமீ, கேனன் ஏபிஎஸ்-சி 22.3 மிமீ, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 மிமீ. ஏபிஎஸ்-சி பாடியில் 50 மிமீ லென்ஸைப் போட்டுப் பத்தடி தூரத்தில் நின்றால் 4.7 அடி அகலம்தான் அடங்கும். அதாவது இரண்டு பேர். பிறந்தநாள் கேக் வெட்டும் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முதுகு சுவரில் முட்டிய பிறகும் பாட்டியும் மாமாவும் படத்துக்கு வெளியேதான் நிற்பார்கள். அதே இடத்தில் 35 மிமீ என்றால் 6.7 அடி, 18 மிமீ என்றால் 13 அடி. எல்லோரும் முதலில் வாங்கச் சொல்லும் 50 மிமீ எஃப்/1.8 (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்) நல்ல லென்ஸ்தான். ஆனால் ஏபிஎஸ்-சி பாடியில் அது முகப்படத்துக்கான லென்ஸ். வீட்டுக்குள் எடுக்க 35 மிமீ, இன்னும் நெருக்கமான இடத்துக்கு 23 அல்லது 24 மிமீ வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணம் அருகேயுள்ள ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்கும் இதே கணக்குதான். ஏபிஎஸ்-சி பாடியில் 300 மிமீ போட்டால் அறுபதடி தூரத்தில் ஃபிரேமின் உயரம் சுமார் மூன்றடி. மஞ்சள் மூக்கு நாரை கிட்டத்தட்ட அந்த உயரம்தான். அங்கே படகு பறவைகளுக்கு மிக அருகில் போகும் என்பதால் 70-300 லென்ஸே போதும், 600 மிமீ வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நின்று மீன்கொத்தியை எடுக்கப் பார்த்தால் அதே 300 மிமீ போதாது. பறவை சிறியது, கரையை விட்டு நகரவும் முடியாது.

ஏற்கெனவே கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் கணக்கே போட வேண்டாம். லைட்ரூம் மென்பொருளிலோ இலவசமான டிஜிகாமிலோ இதுவரை எடுத்த படங்களை மிமீ வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 18-55 கிட் லென்ஸில் முக்கால்வாசி 18-லேயே நிற்கிறதா, 55-ல் முட்டிக்கொண்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: பெரும்பாலான ஃபோன்களின் முதன்மை கேமரா ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 26 மிமீ வரை. 2எக்ஸ் தட்டினால் ஐம்பதுக்குப் பக்கம். எதை அதிகம் தட்டுகிறீர்கள் என்று கேலரி சொல்லும்.

அடுத்தது வெளிச்சம். விடிகாலையில் கேஆர் மார்க்கெட் பூக்கடைகளை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தொங்கும் பல்புகளின் அடியில், எஃப்/1.8-ல் 1/125 நொடிக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; ஏற ஏறப் படம் மணல்மணலாகும்) 3200 ஆகிறது என்றால், 55 மிமீ முனையில் எஃப்/5.6 மட்டுமே திறக்கும் கிட் லென்ஸுக்கு அதே படத்துக்குப் பத்து மடங்கு வெளிச்சம் தேவை. ஐஎஸ்ஓ முப்பதாயிரத்தைத் தாண்டும். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 மாலைத் தேர்பவனி, சித்திரா பௌர்ணமி நள்ளிரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகம் இரண்டிலும் நிலைமை இதுதான். ஆள் நகர்ந்துகொண்டே இருப்பார், ஃபிளாஷ் அடிப்பது மரியாதையும் இல்லை, கரகத்தின் மல்லிகைக் கூம்பு வெள்ளையாக வெந்துபோகும். இப்படிப்பட்ட படங்களுக்குப் புதிய பாடியை விட எஃப்/1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றுதான் அதிக வித்தியாசம் காட்டும். பகலில் லால்பாக் மலர்க் கண்காட்சியை எடுப்பவருக்கோ கிட் லென்ஸை எஃப்/8-க்கு மூடினால் ஒரு குறையும் தெரியாது.

மவுன்ட்

லென்ஸ் பாடியில் மாட்டும் வளையம்தான் மவுன்ட். பாடி ஐந்து வருடத்தில் மாறும், லென்ஸ்கள் கூடவே வரும். ஆகவே நீங்கள் உண்மையில் வாங்குவது மவுன்டைத்தான்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே நிலைக்கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) லென்ஸ் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத புதிய வகை) பாடியில் வேலை செய்வதும், மிரர்லெஸ் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் வேலை செய்யாததும் ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நிக்கான் எஃப் மவுன்டில் வளையத்திலிருந்து சென்சார் வரை 46.5 மிமீ. நடுவில் கண்ணாடி எழுந்து விழ அந்த இடம் தேவைப்பட்டது. 2018-ல் வந்த இசட் மவுன்டில் வெறும் 16 மிமீ. மிச்சமுள்ள 30.5 மிமீ இடைவெளியை எஃப்டிஇசட் என்ற வளையம் நிரப்புகிறது. கேனனில் இஎஃப் மவுன்டுக்கு 44, ஆர்எஃப் மவுன்டுக்கு 20. இடையில் 24 மிமீ வளையம். திருப்பிப் போட முடியாததற்குக் காரணம், லென்ஸைச் சென்சாருக்கு அருகில் கொண்டுபோக டிஎஸ்எல்ஆரில் இடமே இல்லை.

கேனனின் அடாப்டரில் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு முழுமையாக ஓடும். நிக்கானில் கவனம் தேவை. உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ் என்றால் எஃப்டிஇசட்டில் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்குக் கிடைக்காது, கையால்தான் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசை டிஎஸ்எல்ஆர்களிலும் இதே கதைதான், ஏனென்றால் அந்தப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. "50 மிமீ எஃப்/1.8 மலிவாகக் கிடைக்குது" என்று டி லென்ஸை வாங்கிவந்து டி3500-ல் மாட்டிவிட்டு ரிப்பேர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். டி7000 வரிசையில் அதே லென்ஸ் நன்றாக ஓடும். இன்னொரு பொறி ஏஎஃப்-பி லென்ஸ்கள். டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் அவை ஃபோகஸே ஆகாது. வளையமும் மின்சாரத்தில் ஓடுவதால் கையாலும் முடியாது.

கேனனின் இஎஃப்-எம் மவுன்ட் (எம்50 வகையறா) பக்கம் போக வேண்டாம். பாடி அழகாக இருக்கும், விலையும் இறங்கும், ஆனால் அந்த லென்ஸ்களை ஆர்எஃப் பாடிக்குக் கொண்டுபோக வழியில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றாம் நிறுவன லென்ஸ்கள் எவ்வளவு கிடைக்கின்றன என்பதும் பெரிய விஷயம். சோனி இ மவுன்ட் 2010-லிருந்து இருப்பதால் சிக்மா, டாம்ரான் தேர்வுகள் அதில்தான் அதிகம். ஃபியூஜி எக்ஸ் மவுன்டிலும் சிக்மா 18-50 எஃப்/2.8, டாம்ரான் 17-70 எஃப்/2.8 இரண்டும் உண்டு. கேனன் ஆர்எஃப்-ல் இந்த இரண்டு நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் அதிகாரபூர்வமாக வரத்தொடங்கியது 2024-ல்தான். முதலில் வந்தவை ஏபிஎஸ்-சிக்கானவை. சிக்மாவின் 16, 30, 56 மிமீ எஃப்/1.4 மூன்றும் இன்று இ, எக்ஸ், இசட், ஆர்எஃப் நான்கிலும் கிடைக்கின்றன. பணம் குறைவு, வீடியோ முக்கியமில்லை என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்றைக்கும் நல்ல பேரம்தான். கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவராததால் கை மாறும் விலை இறங்கியிருக்கிறது, எடுத்துக்கொள்ள லென்ஸ்களோ மலைபோல் கிடக்கின்றன.

பாடியில் பார்க்க வேண்டியவை

மெகாபிக்ஸலை மறந்துவிடலாம். 20-க்கு மேல் எதுவும் ஏ3 அச்சுக்குப் போதும். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என்று இரண்டு டயல் இருக்கிறதா பாருங்கள். ஒரே டயல் உள்ள பாடியில் அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரும் (ஒளி விழும் நேரம்) மாற்ற ஒவ்வொரு முறையும் பட்டனைப் பிடிக்க வேண்டியிருக்கும். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கட்டாயம். நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 ஆகியவற்றில் அது இல்லை, மத்தியான வெயிலில் பின்திரையில் ஒன்றும் தெரியாது. பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால் நல்லது, ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே அடக்கும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. மிரர்லெஸ் எடுத்தால் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகிறது என்றால் எங்கோ தவறாகிவிட்டது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

கைக்கு ஒரு சின்ன டார்ச், சொந்த மெமரி கார்டு, முடிந்தால் லேப்டாப். எஸ்பி ரோடு கடையானாலும், ஆன்லைனில் பேசி கப்பன் பார்க் மெட்ரோ வாசலில் சந்திப்பதானாலும் இவை இல்லாமல் போக வேண்டாம். "அண்ணா, என் கார்டு போட்டு நாலு படம் எடுத்துக்கறேன், லேப்டாப்ல பாத்துட்டு சொல்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குத் தயங்குகிற ஆளிடம் வாங்கத் தேவையில்லை.

லென்ஸை முதலில் கையில் எடுத்து மவுன்டைச் சுற்றியுள்ள திருகுகளைப் பாருங்கள். அவற்றின் தலை தேய்ந்து, பளபளவென்று கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். முன்வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்தது. பிறகு இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும் கோடுகள் ஃபங்கஸ். அதைச் சுத்தம் செய்தாலும் கண்ணாடியின் மேல்பூச்சு அரித்த தடம் நிற்கக்கூடும். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடலாம். மொத்தமாகப் பால் போல மங்கலாக இருந்தால் அது ஹேஸ், எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும். நாலைந்து தூசித் துகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறலும் அப்படியே. பின்கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் அவை மெதுவாக மூடும், படம் தாறுமாறாக வெளிறும்.

அடுத்தது யாரும் செய்யாத, ஆனால் மிகவும் பயனுள்ள சோதனை. தெருவுக்கு எதிரே ஐம்பது அறுபது அடி தள்ளி ஒரு கட்டடம். ஜன்னல் கம்பி, விளம்பரப் பலகை என்று ஏதாவது நுணுக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸை முழுவதும் திறந்து, ஷட்டர் 1/500-க்குக் குறையாமல், அந்த ஒரே பொருளை ஃபிரேமின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். லேப்டாப்பில் 100 சதவீதத்தில் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றவற்றை விட மோசம் என்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. எஃப்/8-லும் அந்த மூலை தேறவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜூம் என்றால் அகல முனையிலும் நீள முனையிலும் தனித்தனியாக.

டிஎஸ்எல்ஆரில் இன்னொன்று கூடுதல்: வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒரு படம், லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) ஒரு படம், இரண்டும் முழு அபெர்ச்சரில். லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால் கண்ணாடிக்கு அடியிலுள்ள ஃபோகஸ் அமைப்பும் சென்சாரும் ஒத்துப்போகவில்லை. பாடியில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸைச் சற்று முன்பின் நகர்த்தும் வசதி) இருந்தால் சரிசெய்யலாம். தொடக்கநிலை பாடிகளில் அந்த வசதி இருக்காது.

பாடிக்கு ஷட்டர் எண்ணிக்கை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது) கேட்பார்கள். நிக்கானில் திருத்தப்படாத ஜேபெக் படத்தின் மெட்டாடேட்டாவிலேயே (படத்தோடு பதிவாகும் தகவல்) அது இருக்கும். பெரும்பாலான கேனன்களில் கேபிள் மாட்டி மென்பொருள் வழியாகத்தான் எடுக்க முடியும். தொடக்கநிலை பாடிகளின் ஷட்டரை 1,00,000 வரை, நடுத்தரத்தில் 1,50,000 முதல் 2,00,000 வரை சோதித்ததாக நிறுவனங்கள் சொல்லும். அது ஆயுள் உத்தரவாதம் கிடையாது. 20,000 மட்டும் ஓடிய பாடியில் பிடி ரப்பர் உப்பி, எழுத்துகள் தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-ல் சில நொடி எக்ஸ்போஷர் கொடுத்துச் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் நிறைய எரிகின்றனவா பாருங்கள். கார்டு சொருகும் துளையில் ஊசி வளைந்திருக்கிறதா, ஃபிளாஷ் மாட்டும் இடம் ஆடுகிறதா, யுஎஸ்பி துளை தளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு முறை. நிக்கான் டி600 (2012) தென்பட்டால் சென்சாரில் எண்ணெய்த் துளி தெறிக்கும் பிரச்சினைக்காக ஷட்டர் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். அதற்காகவே நிக்கான் இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் நாளே ஆட்டோ ஐஎஸ்ஓவைத் திறந்து உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/250 என்று வையுங்கள். அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் (திறப்பை நீங்களும் ஷட்டரைக் கேமராவும் முடிவு செய்யும் முறை) சுற்றினால் பெரும்பாலான மனிதப் படங்கள் ஆடாமல் வரும். பறவைக்கு 1/1000-க்கு மேல், ஆடும் படகிலிருந்து என்றால் இன்னும் மேலே. ரா (சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) வடிவில் எடுத்தால் 6400-ன் மணல்தன்மை பயப்பட வேண்டிய அளவில் இருக்காது, ஆடிய படத்தைத்தான் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

திருமண மண்டபத்தில் மட்டும் இந்த அமைப்பு காலை வாரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. 1/250-ல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மஞ்சளாக, அதற்கடுத்தது பாதி இருட்டாக வரும். ஷட்டரை 1/100-லோ 1/50-லோ பூட்டுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள், பட்டை பட்டையாகக் கோடு விழுவது அதில்தான் மோசம். கேமராவில் ஃபிளிக்கர் குறைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளலாம். மேடையில் ஓடும் கலர் எல்இடி சுவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கோடு மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

எஃப்/1.8 லென்ஸ் வந்ததும் எல்லாவற்றையும் எஃப்/1.8-ல் எடுக்கத் தோன்றும். ஏபிஎஸ்-சியில் 50 மிமீ, ஐந்தடி தூரம், எஃப்/1.8 என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஆறரை சென்டிமீட்டர்தான். ஒருவர் முகத்துக்குச் சரி. மணமக்கள் இருவர் என்றால் ஒருவர் மங்கிவிடுவார். எஃப்/4-க்குப் போனால் பதினான்கு சென்டிமீட்டர், அப்போதும் இருவர் முகமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மறுபக்கம், ஏபிஎஸ்-சி பாடியில் எஃப்/11-ஐத் தாண்டினால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (விளிம்பு விளைவு) முழுப்படமும் மெல்ல மழுங்கத் தொடங்கும். எஃப்/22 எதற்கும் வேண்டாம், ஒரே ஒரு விஷயத்துக்குத் தவிர; அது கடைசியில்.

கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷர் திருத்தத்தை மல்லிகைக் குவியலுக்கு +1 வரை ஏற்றுங்கள், கருங்கல் சிலைக்கு -1 வரை இறக்குங்கள். இரவில் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள், ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் நிழல் எதிர்ப்பக்கம் தெரிவது அதனால்தான். லென்ஸைக் காப்பாற்ற ஃபில்டரை விட ஹுட் (லென்ஸின் முன் மாட்டும் குழாய்) மேல், விழுந்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

பராமரிப்பு

பெங்களூரு சென்னையை விட உலர்ந்த ஊர் என்று அசட்டையாக இருப்பவர்களின் லென்ஸில்தான் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழையில் ஃபங்கஸ் பிடிக்கிறது. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ட்ரை கேபினட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) வாங்க மனமில்லையா, ரப்பர் விளிம்புள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) போதும். 30-க்குக் கீழே இறங்கவிட வேண்டாம், ரப்பரும் உள் மசகும் காய்ந்துபோகும். நீல மணிகள் ரோஜா நிறமானால் 110 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். நீலத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நஞ்சு என்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். துணி அலமாரியில் அந்துருண்டைக்குப் பக்கத்தில் கேமராவை வைப்பதையும் தயாரிப்பாளர்களின் கையேடுகளே தடுக்கின்றன.

ஏசி பெட்டியில் ஊருக்குப் போய்ச் சென்ட்ரலில் இறங்கியதும் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுவதும் பனிக்கும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். லென்ஸைத் துடைக்கும் வரிசை: முதலில் ப்ளோயர், பிறகு பிரஷ், கடைசியில் மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் நேராக விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

தோண்டிப்போட்ட சாலைகளின் புழுதியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி விழும். அதைப் பார்க்கத்தான் எஃப்/22. ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். முன்னாலிருந்து சென்சாரைப் பார்க்கும்போது, படத்தில் மேலே இருக்கும் புள்ளி கீழே இருக்கும். இடம் வலம் மாறாது. பேட்டரி முழுவதும் ஏற்றி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ப்ளோயரால் நாலைந்து முறை ஊதுங்கள், பெரும்பாலும் போய்விடும். போகாமல் ஒட்டியிருந்தால் ஏபிஎஸ்-சிக்கு 16 மிமீ, ஃபுல் ஃபிரேமுக்கு 24 மிமீ ஸ்வாப் (சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி), இரண்டு துளி திரவம், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, திருப்பிப் பிடித்து மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு. ஒரு ஸ்வாபை இரண்டாவது முறை பயன்படுத்த வேண்டாம்.